எண்பத்தேழு வரவில்லை

எங்கள் காட்டில் வெங்காயம் பிடுங்கி முடிந்த பிறகுதான் நான் கல்லூரிக்குப் போனேன். கல்லூரி திறந்து பத்து நாள் ஆகியிருந்தது. "பத்து நாள்ல அவங்க என்னத்தச் சொல்லிக் குடுத்துறப் போறாங்க? வெங்காயம் காத்திருக்குமா?" என்றார் அப்பா. நியாயமான கேள்விதான். மழை இறங்கினால் வெங்காயம் மண்ணுக்குள்ளேயே அழுகிப் போகும், பாடம் அழுகாது. ஆனால் அந்தப் பத்து நாளில் நான் தவறவிட்டது பாடமில்லை. அது என்னவென்று தெரிய எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

அறுபதுகளின் தொடக்கம் அது. எரியோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எங்கள் வகையறாவில் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன் நான் ஒருவன்தான். அதற்கு மேல் திண்டுக்கல்லில் பி.யு.சி., பட்டப்படிப்புக்கு முந்தைய ஒரு வருடப் படிப்பு. அப்பாவுக்கு அதில் அரை மனது. தலைமையாசிரியர் வீடு தேடி வந்து கேட்டதால் தட்ட முடியாமல் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட அன்றைக்கே என்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"ஒரு வருசம் விட்டுப் பாக்கறேன். ஒழுங்காப் போனா போ. அங்கயிங்க சுத்துறன்னு ஒரு நாள் காதுல விழுந்துச்சு, மறுநாள் ஒங் கையில மம்பட்டி இருக்கும்."

இதை வெறும் மிரட்டல் என்று நினைக்க எனக்கு வழியில்லை. என் அண்ணன் ஒன்பதாவது படிக்கும்போது இரண்டு நாள் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு வேடசந்தூர்ச் சந்தையைச் சுற்றினான். மூன்றாம் நாள் ஏர் பிடித்தான். நான் கல்லூரியில் சேர்ந்தபோதும் பிடித்துக்கொண்டிருந்தான். அப்பா அடிக்க மாட்டார், கத்த மாட்டார். சொன்னதைச் செய்வார், அவ்வளவுதான்.

கல்லூரிக் கட்டடத்தை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு மூச்சு நின்று வந்தது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதுவரை நான் பார்த்த பெரிய கட்டடம் எரியோட்டு நெல் மில். இங்கே தூணே பனைமர உயரம் இருந்தது. ஒரு கோடியில் நின்று பார்த்தால் மறுகோடியில் நடப்பவன் முகம் தெரியாத அளவுக்கு நீளமான வராந்தா. நூலகத்துக்குள் எட்டிப் பார்த்தேன். தரையிலிருந்து கூரை வரை புத்தகம். இம்புட்டையும் எழுதியவர்கள் எப்போது சாப்பிட்டார்கள், எப்போது தூங்கினார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. உள்ளே போகக் கால் வரவில்லை. வாசலில் நின்று வாசனை பிடித்துவிட்டுத் திரும்பினேன்.

வகுப்பறை அதைவிட. படிப்படியாக மேலே ஏறும் பெஞ்சுகள், நூற்றுக்கு மேல் பையன்கள், தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறி. கோயிலுக்குள் நுழைகிற மாதிரி செருப்பை வாசலில் கழற்றி வைத்துவிட்டுப் போனேன். உள்ளே போய்ப் பார்த்தால் எல்லோர் காலிலும் செருப்பு. ஒருவன் காலில் பூட்ஸ். திரும்பிப் போய் மாட்டிக்கொண்டு வந்தால் எல்லோரும் பார்ப்பார்கள். அன்று முழுக்க என் செருப்பு வாசலில் கிடக்க, எவனாவது தூக்கிக்கொண்டு போய்விடுவானோ என்ற நினைப்பிலேயே முதல் பாடம் ஓடிப்போனது.

பாடமென்றால் எல்லாமே இங்கிலீஷ். எங்கள் பள்ளியில் இங்கிலீஷ் ஒரு பாடம். இங்கே அதுவே காற்று. தாவரவியல் ஆசிரியர் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து, ஐம்பது நிமிடம் ஒரு தாளைக்கூடப் பார்க்காமல் பேசினார். தண்ணீர் மடை திறந்த மாதிரி. எனக்குப் பத்துக்கு ஒரு வார்த்தை பிடிபட்டது. ஆனாலும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு மனுசன் மண்டைக்குள் இவ்வளவு இருக்க முடியுமா என்ற பிரமிப்பு எனக்கு. புரியாததையெல்லாம் காதில் விழுந்தபடியே தமிழ் எழுத்தில் எழுதி, பஸ்ஸில் நெட்டுருப் போட்டேன். அர்த்தம் பிறகு வரும், முதலில் சத்தம் வரட்டும் என்பது என் கணக்கு.

இப்போது அந்தக் கூத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஊர்ப் பள்ளியில் வாத்தியார் பேர் வாசிப்பார். நாங்கள் எழுந்து "உள்ளேன் ஐயா" என்போம். கல்லூரியிலும் பேர் வாசிப்பார்கள் என்று முதல் நாளிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். ஆசிரியர் உள்ளே வந்ததும் ஒரு நீளமான பதிவேட்டை விரிப்பார். தலையை நிமிர்த்தாமல், "ஒன், டூ, த்ரீ" என்று ஆரம்பிப்பார். அங்கங்கே ஒவ்வொருவனாக "பிரசென்ட் சார்" என்பான். வெங்காய மூட்டை எண்ணுகிற வேகம். நூற்றுச் சொச்சத்தில் முடித்துப் பதிவேட்டை மூடிவிடுவார். என் பேரை யாரும் கூப்பிடவில்லை.

கல்லூரி திறந்த முதல் நாள் ஒவ்வொருவருக்கும் அவரவர் எண்ணை வாசித்துச் சொல்லிவிட்டார்களாம். இனிமேல் உனக்குப் பேர் கிடையாது, இதுதான் நீ என்று. அந்த நேரம் நான் குத்தவைத்து வெங்காயத் தாளை அரிந்துகொண்டிருந்தேன். சேர்ந்தபோது தந்த சீட்டில் என் எண் இருக்கத்தான் செய்தது. அதை ரசீது நம்பர் என்று நினைத்து அப்பா வாங்கி, தீர்வை ரசீதுகளோடு தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

பக்கத்தில் இருந்தவனைக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். வாய் உள்ள பிள்ளை பிழைக்கும் என்று தெரியாமலா? கடைசி பெஞ்சில் என் பக்கத்தில் ஒரு வத்தலக்குண்டுப் பையன். அவன் எண் நாற்பதுக்குள். "பிரசென்ட்" சொன்ன மறு நொடியே டெஸ்கில் தலை சாய்த்துத் தூங்கிப் போவான். ஆனால் நான் கேட்காததற்குக் காரணம் அவன் தூக்கமில்லை, என் பயம். தாமதமாக வந்த என்னை இவர்கள் இன்னும் முழுசாகச் சேர்த்துக்கொள்ளவில்லை என்று முடிவு கட்டியிருந்தேன். எண் உள்ளவர்கள் நிச்சயமானவர்கள், நான் நிச்சயமில்லாதவன். வாயைத் திறந்து கேட்டு, "நீ யார், எழுந்து வெளியே போ" என்று சொல்லிவிட்டால்? அந்த மின்விசிறி, அந்தக் கரும்பலகை, அந்த மடை திறந்த பேச்சு எல்லாம் அன்றோடு போயிற்று. அதனால் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருப்பதே எனக்குப் பெரிய வரமாக இருந்தது.

தினமும் ஒன்றைக் கவனித்தேன். எண்பத்தாறு வரை ஓடிவரும் வண்டி, எண்பத்தேழில் நின்றுவிடும். "எய்ட்டி செவன்." சத்தமே இருக்காது. "எய்ட்டி செவன்?" அப்புறம் பேனா ஒரு கோடு இழுக்கும். எல்லா வகுப்பிலும் இதே கதை. யார் இந்த எண்பத்தேழு என்று எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இடம் கிடைத்தும் ஒரு நாள்கூட வராமல் இருக்கிறானே. நான் இங்கே திருட்டுத்தனமாக உட்கார்ந்திருக்கிறேன், அவன் எங்கே கொழுத்துப் போய்த் திரிகிறானோ. வீட்டிலும் இதைச் சொன்னேன், அதுவும் அப்பாவிடமே.

"எங்க கிளாஸ்ல ஒருத்தன் சேந்ததுல இருந்து ஒரு நா வரலப்பா."

கம்பஞ்சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த அப்பா நிமிராமல் சொன்னார். "அவனப் பெத்தவன் பாவம். நம்பி அனுப்பிட்டு வீட்ல உக்காந்திருப்பான்."

நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

ஆகஸ்டில் ஒரு நாள் தபால் அட்டை வந்தது. நான் ஊரில் இல்லாத பகல் நேரம். இங்கிலீஷில் இருந்த அதைத் தபால்காரரே அப்பாவுக்குப் படித்துச் சொல்லியிருக்கிறார். தங்கள் மகன், எண் எண்பத்தேழு, சேர்ந்த நாள் முதல் வகுப்புக்கு வரவில்லை. உடனே வந்து காரணம் சொல்லாவிட்டால் பெயர் நீக்கப்படும். நான் சாயங்காலம் வீடு திரும்பியபோது அப்பா ஒன்றும் கேட்கவில்லை. அம்மா மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

மறுநாள் காலையில், "நானும் வாரேன்" என்று அப்பா கூடவே கிளம்பினார். கையில் ஒரு வெறுஞ்சாக்கைச் சுருட்டி வைத்திருந்தார்.

"சாக்கு எதுக்குப்பா?"

"வேல இருக்கு."

அன்று திண்டுக்கல்லில் வெங்காயச் சந்தை. சந்தைக்குத்தான் வருகிறார் என்று நினைத்துக்கொண்டேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தார். மலைக்கோட்டை தெரிந்ததும் நான் என்றைக்கும் போல நெட்டுருப் போட ஆரம்பித்தேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்தேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும், "நீ போ" என்றார். போனேன். அவர் சந்தைக்குப் போகவில்லை. ஐம்பது அடி விட்டு என் பின்னாலேயே வந்திருக்கிறார். பையன் எந்தச் சினிமாக் கொட்டகைப் பக்கம் திரும்புகிறான் என்று பார்க்க. நான் நேரே கல்லூரி வாசலுக்குள் நுழைந்ததைப் பார்த்ததும் அவருக்குத் தலை சுற்றிப் போயிருக்கிறது. இதெல்லாம் பின்னால் அவரே சொன்னது.

நேராக அலுவலகத்துக்குப் போய்க் குமாஸ்தாவிடம் அட்டையை நீட்டியிருக்கிறார். "இப்பத்தாங்க உள்ள போனான். எங் கண்ணால பாத்தேன்."

"பெரியவரே, கேட் வரைக்கும் எல்லாப் பயலும்தான் வருவான். வகுப்புக்கு வந்தானான்னுதான் கேள்வி. வாங்க, காட்டுறேன்."

முதல் மணி தாவரவியல். எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. வாசலில் நிழல் தட்டியது. திரும்பிப் பார்த்தால் குமாஸ்தா, பக்கத்தில் என் அப்பா. தலைத்துண்டு இடுப்புக்கு வந்திருந்தது. செருப்பை வராந்தாவில் கழற்றி விட்டிருந்தார். கக்கத்தில் அந்தச் சாக்கு. வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன்.

"எய்ட்டி செவன்."

சத்தமில்லை.

"எய்ட்டி செவன்?"

குமாஸ்தா அப்பாவின் காதில் குனிந்து, "இதுதான் உங்க பையன் நம்பர். பாத்தீங்களா, ஆள் இல்ல" என்றாராம்.

அப்பா வரிசை வரிசையாக மேலே பார்த்துக்கொண்டே வந்தார். கடைசி வரிசையில் கண் வந்து நின்றது. சந்தையில் விலை சொல்கிற அதே குரலில், பதற்றமில்லாமல் சொன்னார்.

"இருக்கான்யா. அந்தா, கடேசிப் பெஞ்சில."

நூறு தலைகள் என் பக்கம் திரும்பின. வத்தலக்குண்டுக்காரன்கூட விழித்துக்கொண்டான். ஆசிரியர் முதல்முறையாகப் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். எழுந்து நின்றேன்.

"நீதான் எண்பத்தேழா? இத்தனை நாளும் எங்கே போயிருந்தாய்?" அவர் தமிழில் கேட்டது எனக்குப் பெரிய உதவி.

"இங்கதான் சார் இருந்தேன்."

"அப்படியானால் ஏன் பதில் சொல்லவில்லை?"

"எம் பேரக் கூப்பிடல சார்."

வகுப்பு வெடித்துச் சிரித்தது. எனக்குச் சிரிப்புக் காதில் ஏறவில்லை. ஒரு மாதமாக நான் மனதுக்குள் கரித்துக்கொட்டிய பயல் நானே என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பா கையில் இருந்த அட்டை கண்ணில் பட்டது. சாக்கு எதற்கு என்பதும் புரிந்துபோயிற்று. என் புத்தகங்களை அள்ளிப் போட்டுக்கொண்டு போவதற்கு.

ஆசிரியர் கையமர்த்தினார். "இன்றைக்கு அப்பா வருகிறார் என்று வந்து உட்கார்ந்திருக்கலாம். நேற்று என்ன நடத்தினேன், சொல்."

சொன்னேன். முதல் வார்த்தையிலிருந்து, அவருடைய இங்கிலீஷில், அவர் நிறுத்திய இடத்தில் நிறுத்தி. அர்த்தம் தெரியாமல்தான். நடுவில் அவர் இருமிய இடத்தில் என்னை அறியாமல் நானும் இருமிவிட்டேன். மறுபடி சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை.

"இது யாருடைய நோட்டையாவது பார்த்துப் படித்ததாக இருக்கலாம்."

எனக்குக் கோபம் வந்தது. பயத்தின் எல்லைக்குப் போனால் எனக்குக் கோபம் வரும், இன்றைக்கும் அப்படித்தான்.

"நோட்டுல இல்லாததும் சொல்லுறேன் சார். போன வெள்ளிக்கிழம எண்பத்தேழ ரெண்டு தடவ கூப்பிட்டீங்க. அப்புறம் பேனாவ மூடி வெச்சுட்டு, இந்தப் பயலுக்குக் குடுத்த சீட்ட ஒரு ஏழப் புள்ளைக்குக் குடுத்திருந்தா படிச்சிருப்பான்னு சொன்னீங்க. அத மட்டும் தமிழ்ல சொன்னீங்க, எனக்குப் புரிஞ்சுச்சு. ரொம்பச் சரின்னு நானும் நெனச்சேன் சார்."

இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை. ஆசிரியர் பதிவேட்டைக் கிட்டே இழுத்து, ஒரு மாதக் கோடுகளை ஒவ்வொன்றாக அடித்துத் திருத்திச் சுருக்கொப்பம் போட்டார். அதற்குப் பிடித்த நேரம் முழுவதும் நான் நின்றுகொண்டே இருந்தேன், வாசலில் அப்பாவும் நின்றுகொண்டே இருந்தார். "மற்ற ஆசிரியர்களுக்கு நான் எழுதித் தருகிறேன்" என்று குமாஸ்தாவிடம் சொல்லி அனுப்பினார்.

அடுத்த மணி எங்களுக்கு முதல் செய்முறை வகுப்பு. ஆய்வுக்கூடத்தில் மைக்ராஸ்கோப்புகளை வரிசையாக வைத்திருந்தார்கள். பித்தளையில் மின்னிக்கொண்டு, தொடவே பயமாக. அப்பா வராந்தாவில் போவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றார். என்னை அழைத்துப் போக வந்தவர் அழைக்கவும் இல்லை, விட்டுவிட்டுப் போகவும் இல்லை. ஆசிரியர் அந்தச் சாக்கைப் பார்த்தார். அதில் வெங்காயச் சருகு ஒட்டியிருந்தது.

"வெங்காய வியாபாரமா?"

"வெள்ளாமைங்கய்யா. அப்பன் காலத்துல இருந்து அதேதான்."

"அப்படியென்றால் உள்ளே வாருங்கள். உங்கள் சரக்கைத்தான் வைத்திருக்கிறேன்."

உண்மைதான். அன்றைய பாடம் வெங்காயம். செதிலின் உள்பக்கத்திலிருந்து மெல்லிய தோலை உரித்து, கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு அதன்மேல் விரித்து வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் வெங்காயம் உரிக்கும்போது விரலில் ஒட்டினால் உதறிவிடுவோமே, அந்தத் தோல். ஆசிரியர் என்னை முதலில் பார்க்கச் சொன்னார். ஒரு கண்ணை மூடிக் குனிந்தேன். முதலில் வெறும் வெளிச்சம். அவர் ஏதோ ஒரு திருகைத் திருப்பினார். சட்டென்று வந்தது.

நான் என்னத்தைச் சொல்ல. எச்சில் விழுங்கக்கூட மறந்துவிட்டேன். அந்தத் தோலுக்குள் ஒரு ஊரே இருந்தது. நீள நீளமான அறைகள், ஒன்றோடொன்று ஒட்டி, ஒழுங்காக, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சிறிய பொட்டு. பிறந்ததிலிருந்து வெங்காயத்தோடு கிடந்தவன் நான். என் கண்ணில் தண்ணீர் வரவைத்ததைத் தவிர அது எனக்கு ஒன்றும் காட்டியதில்லை. ஒரு மாதமாகச் சத்தமாக மட்டும் நெட்டுருப் போட்ட "செல்" என்ற வார்த்தைக்கு அன்றுதான் எனக்கு அர்த்தம் கிடைத்தது.

"நீங்களும் பாருங்கள்" என்று ஆசிரியர் அப்பாவை அழைத்தார். அப்பா கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்தார். எதைத் தொடுவது என்று தெரியாமல் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை. பின்னால் பையன்கள் காத்து நின்றார்கள்.

"பாத்தி கட்டியிருக்கு" என்றார், கண்ணை எடுக்காமலே. "வரப்புப் போட்டு, கோணாம கொள்ளாம. நாங்கூட இம்புட்டு நேராக் கட்டுனதில்ல." செத்த நேரம் கழித்து, யாரிடமும் இல்லாமல் சொன்னார். "இத்தன வருசமா உள்ளதான் இருந்திருக்கு. நமக்குத்தான் தெரியல."

நிமிர்ந்து ஆசிரியரைக் கும்பிட்டார். அவரும் பதறிப்போய்க் கும்பிட்டார். செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு அப்பா வராந்தாவில் நடக்க, நான் பின்னாலேயே வாசல் வரை போனேன். அண்ணன் பிடித்த ஏர் என் கண்முன்னால் நின்றது. என்ன சொல்லப் போகிறாரோ. கேட்டில் நின்று சாக்கை உதறினார். இரண்டு மூன்று சருகு விழுந்தது. ஒன்றை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"இதுல ஒண்ணும் தெரியல."

"மைக்ராஸ்கோப்பு வேணும்ப்பா."

"ஒங்கம்மாட்ட நாஞ் சொன்னா நம்ப மாட்டா. நீ படிச்சு முடிச்சு, அந்தக் கண்ணாடிய வாங்கியாந்து அவளுக்குக் காட்டு." சாக்கை மறுபடி சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். இரண்டடி போனவர் திரும்பினார். "ஏலே. நாளைல இருந்து பேரக் கூப்பிட்டா வாயத் தொறந்து சொல்லு."

"பேரக் கூப்பிட மாட்டாங்கப்பா. நம்பரத்தான்."

"எதையோ ஒண்ண. இருக்கேன்னு சொல்லு."

சந்தைப் பக்கம் நடந்தார். வெறுஞ்சாக்கோடு அவர் போவதைத் திருப்பம் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

மறுநாள் முதல் மணி. எண்கள் ஓடிவந்தன. இரவெல்லாம் "பிரசென்ட் சார்" சொல்லிப் பழகியிருந்தேன்.

"எய்ட்டி செவன்."

யாரும் எழுந்திருக்காத அந்த வகுப்பில் நான் எழுந்து நின்றேன். பழகியதெல்லாம் பறந்துபோய், எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம்தான் வாயில் வந்தது.

"உள்ளேன் ஐயா."

ஆசிரியர் நிமிர்ந்து, நான் இருப்பதைப் பார்த்துவிட்டு, பதிவேட்டில் குறித்துக்கொண்டார்.